புரட்டாசி முழுக்க சைவம்... ஆனாலும் கொலஸ்ட்ரால் குறையலையா? தட்டில் எதை மாற்றணும்? முழு விளக்கம்

புரட்டாசி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் அசைவத்துக்கு லீவு. செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை கறி, மீன், சிலர் வீட்டில் முட்டை கூட கிடையாது. பக்தி ஒருபக்கம் இருக்க, "ஒரு மாசம் அசைவம் சாப்பிடலைன்னா கொலஸ்ட்ராலும் குறையும்ல" என்ற எதிர்பார்ப்பும் பலருக்கு இருக்கிறது.

மாதம் முடிந்து ரத்தப் பரிசோதனை செய்தால் சிலருக்குக் குறைந்திருக்கும். சிலருக்கு அப்படியே இருக்கும். இன்னும் சிலருக்கு டிரைகிளிசரைடு மட்டும் ஏறியிருக்கும். "கறியே தொடலையே, இது எப்படி?" என்று குழம்பிப் போவார்கள்.

விஷயம் இதுதான். கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை தட்டிலிருந்து எதை எடுத்தோம் என்பது பாதிக் கணக்குதான். எடுத்த இடத்தில் எதை வைத்தோம் என்பதுதான் மீதிக் கணக்கு. கோழிக் குழம்பு இருந்த இடத்தில் சுண்டலும் கீரையும் வந்தால் ஒரு ரிசல்ட். நெய் பொங்கலும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தால் வேறொரு ரிசல்ட். விரிவாகப் பார்க்கலாம்.

ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்க்கணும்?

லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட்டில் முக்கியமாக நான்கு எண்கள் இருக்கும். மொத்த கொலஸ்ட்ரால், எல்டிஎல், ஹெச்டிஎல், டிரைகிளிசரைடு.

எல்டிஎல்: கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படுவது. ரத்தக் குழாயின் உட்சுவரில் படிந்து அடைப்பை உண்டாக்குவது இதுதான். உணவு மாற்றத்தால் குறைக்க வேண்டிய முதல் எண்.

ஹெச்டிஎல்: நல்ல கொலஸ்ட்ரால். ஆண்களுக்கு 40-க்குக் கீழும், பெண்களுக்கு 50-க்குக் கீழும் இருந்தால் குறைவு என்று கணக்கு.

டிரைகிளிசரைடு: ரத்தத்தில் ஓடும் கொழுப்பு. 150-க்கு மேல் போனால் கவனிக்கணும். அதிகச் சர்க்கரை, மைதா, அளவு மீறிய சோறு, மது ஆகியவற்றால் இது ஏறும்.

இன்னொரு எண்ணும் உண்டு. மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்-ஐக் கழித்தால் வருவது நான்-ஹெச்டிஎல். உதாரணத்துக்கு, மொத்தம் 230, ஹெச்டிஎல் 40 என்றால் நான்-ஹெச்டிஎல் 190. டிரைகிளிசரைடு அதிகமாக இருப்பவர்களுக்கு இந்த எண் ரொம்ப முக்கியம்.

எல்டிஎல் எவ்வளவு இருக்கணும்? இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபத்து குறைவான பொதுமக்களுக்கு 100-க்குக் கீழ், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 70-க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 55-க்குக் கீழ். அதாவது பக்கத்து வீட்டுக்காரருக்கு நார்மல் என்று சொல்லப்படும் அதே எண், உங்களுக்கு அதிகமாக இருக்கலாம்.

நம்ம நாட்டு நிலவரம் என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய தேசிய அளவிலான ஆய்வு 2023-ல் வெளியானது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் எடுத்த அந்தக் கணக்கின்படி, இந்தியப் பெரியவர்களில் சுமார் 5-ல் ஒருவருக்கு எல்டிஎல் அதிகம். 3-ல் ஒருவருக்கு டிரைகிளிசரைடு அதிகம். 3-ல் இரண்டு பேருக்கு நல்ல கொலஸ்ட்ரால் குறைவு. சைவம் சாப்பிடுபவர்கள் கணிசமாக உள்ள நாட்டில்தான் இந்த நிலைமை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்கறியில் கொலஸ்ட்ராலே இல்லையே... பிறகு எப்படி ஏறுது?

உண்மைதான். எந்தத் தாவர உணவிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து நேரடியாக வருவதில்லை, உடலே தயாரிப்பது. அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்-ஐ உள்ளே இழுத்துக்கொள்வதும் கல்லீரல்தான். அதன் செல்களின் மேல் இருக்கும் ஏற்பிகள் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே அனுப்புகின்றன. இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1985-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், கொழுப்புள்ள ஆட்டுக்கறி ஆகியவற்றில் அதிகமாக இருப்பது நிறைவுற்ற கொழுப்பு. இது அளவுக்கு மீறினால் கல்லீரலின் அந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. எல்டிஎல் உள்ளே போகாமல் ரத்தத்திலேயே தேங்குகிறது. இந்தக் கொழுப்பு ஆட்டிலிருந்து வந்ததா, தென்னையிலிருந்து வந்ததா என்று கல்லீரல் பார்ப்பதில்லை.

சமையல் எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. பாமாயிலில் கிடையாது, வனஸ்பதியிலும் கிடையாது. பாக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு அளவைத்தான் பார்க்கணும்.

சைவம் சாப்பிட்டால் உண்மையிலேயே குறையுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

குறையும். ஆனால் எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டென்மார்க் ஆய்வாளர்கள் 2023-ல் ஐரோப்பிய இதய மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு தொகுப்பு ஆய்வை வெளியிட்டார்கள். 1982 முதல் 2022 வரை நடந்த 30 பரிசோதனைகள், மொத்தம் 2,372 பேர். அசைவமும் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டபோது, சைவம் அல்லது முழுத் தாவர உணவுக்கு மாறியவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 10 சதவீதம் குறைந்தது. மொத்த கொலஸ்ட்ரால் 7 சதவீதம் குறைந்தது. டிரைகிளிசரைடில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இன்னொரு சுவாரசியமான பரிசோதனை செய்தது. ஒரே மாதிரி இருக்கும் 22 இரட்டையர் ஜோடிகள். ஜோடியில் ஒருவருக்கு 8 வாரம் முழுத் தாவர உணவு, இன்னொருவருக்கு அசைவமும் கலந்த ஆரோக்கியமான உணவு. இருவருக்கும் மரபணு ஒன்று என்பதால் வித்தியாசம் சாப்பாட்டால் வந்தது என்று சொல்ல முடியும். தாவர உணவுக் குழுவில் எல்டிஎல் சராசரி 110-லிருந்து 95 அளவுக்கு இறங்கியது. மற்ற குழுவில் பெரிய மாற்றம் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கனடாவில் நடந்தது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003-ல் 46 பேரை மூன்று குழுவாகப் பிரித்தது. முதல் குழுவுக்கு நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைந்த உணவு. முழு கோதுமையும் கொழுப்பு நீக்கிய பால் பொருட்களும்தான் அதற்கு அடிப்படை. இரண்டாவது குழுவுக்கு அதே உணவோடு லோவாஸ்டாட்டின் 20 மி.கி. மாத்திரை. மூன்றாவது குழுவுக்கு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று தெரிந்த உணவுகளைத் தேடித் தேடிச் சேர்த்த தட்டு. சோயா, பாதாம், ஓட்ஸ், பார்லி, இசப்கோல், தாவர ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின்... அதோடு நம்ம ஊர் வெண்டைக்காயும் கத்தரிக்காயும்!

ஒரு மாதம் கழித்து ரிசல்ட்: முதல் குழுவுக்கு எல்டிஎல் 8 சதவீதம் குறைந்தது. மாத்திரைக் குழுவுக்கு சுமார் 31 சதவீதம். மூன்றாவது குழுவுக்கு சுமார் 29 சதவீதம்.

கெட்டதைக் குறைத்ததோடு நின்றவர்களுக்கு 8, நல்லதைத் தேடிச் சேர்த்தவர்களுக்கு 29. புரட்டாசி ரிசல்ட் ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது என்பதை இந்த இரண்டு எண்களை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். அந்த ஆய்வில் உணவைத் தயார் செய்து கொடுத்தார்கள். பிறகு 2011-ல் வெளியான பெரிய ஆய்வில், அவரவர் வீட்டில் அவரவரே சமைத்து 6 மாதம் கடைப்பிடித்தபோது குறைந்தது 13 சதவீதம் அளவுக்குத்தான். நிஜ வாழ்க்கையில் எதிர்பார்க்க வேண்டியது இந்த அளவுதான். எல்டிஎல் 150 இருப்பவருக்கு இது 130 பக்கம் கொண்டுவரும். சின்ன விஷயம் இல்லை.

புரட்டாசித் தட்டில் நடப்பது என்ன?

காலையில் நெய் மிதக்கும் வெண்பொங்கல், வடை, தேங்காய்ச் சட்னி. மதியம் தட்டு நிறையச் சோறு, தண்ணியா ஒரு சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். மாலையில் டீயோடு பஜ்ஜி. இரவு பரோட்டா, சைவ குருமா. சனிக்கிழமை என்றால் சர்க்கரைப் பொங்கல், பாயசம் வேறு.

இதில் கறி இல்லை, மீன் இல்லை. ஆனால் நெய், தேங்காய், பொரித்த எண்ணெய் எல்லாம் சேர்ந்து நிறைவுற்ற கொழுப்பை நிரப்பிவிடுகின்றன. சோறு, மைதா, சர்க்கரை சேர்ந்து டிரைகிளிசரைடை ஏற்றுகின்றன. பருப்பும் பயறும் பேருக்குத்தான் இருக்கின்றன. மீன் குழம்பு சாப்பிட்டவர் அதை விட்டுவிட்டு இந்தத் தட்டுக்கு மாறினால் எண்கள் மோசமாகக்கூட வாய்ப்புண்டு.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் மொத்த கலோரியில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தினமும் 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது சுமார் 22 கிராம். இனி ஒரு மேசைக்கரண்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

தேங்காய் எண்ணெய்: 11 முதல் 12 கிராம்
நெய்: சுமார் 8 கிராம்
பாமாயில்: 6 முதல் 7 கிராம்
கடலை எண்ணெய்: 2 கிராமுக்குச் சற்று மேல்
நல்லெண்ணெய்: சுமார் 2 கிராம்
சூரியகாந்தி எண்ணெய்: ஒன்றரை கிராமுக்குள்

இரண்டு கரண்டி பாமாயிலும் ஒரு கரண்டி நெய்யும் போதும், ஒரு நாள் கணக்கு முடிந்துவிடும். பாலும் தேங்காயும் இன்னும் கணக்கில் சேரவே இல்லை.

பாலிலும் கவனம் தேவை. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம், நீல பாக்கெட்டில் 3 சதவீதம். தினமும் அரை லிட்டர் பால் குடிப்பவருக்கு ஆரஞ்சில் 30 கிராம் கொழுப்பு, நீலத்தில் 15 கிராம். அதில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். பாக்கெட்டின் நிறத்தை மாற்றினாலே ஒரு பெரிய குறைப்பு கிடைத்துவிடும்.

ரேஷன் பாமாயில்தான் வில்லனா?

தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு வீட்டு எண்ணெய் என்றாலே ரேஷன் கடை பாமாயில்தான். சிறப்பு பொது விநியோகத் திட்டத்தில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும், ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் கிடைக்கிறது. "பாமாயிலை நிறுத்துங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், மாதச் சம்பளத்தில் இழுத்துப் பிடிக்கும் வீட்டில் அது அவ்வளவு சுலபம் இல்லை.

கணக்கு போட்டால் இன்னொரு விஷயம் தெரியும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் பாமாயில் என்பது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 8 கிராம்தான். அதில் நிறைவுற்ற கொழுப்பு 4 கிராமுக்குள். அந்த ஒரு லிட்டரோடு நின்றால் அதுவே பெரிய வில்லன் இல்லை. அதற்கு மேல் கடையில் வாங்கும் எண்ணெய், டீக்கடை வடை, பேக்கரி பஃப்ஸ் என்று சேரும்போதுதான் சிக்கல். மேற்கொண்டு வாங்கும் எண்ணெயைக் கடலை எண்ணெயாகவோ நல்லெண்ணெயாகவோ சூரியகாந்தியாகவோ பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

கவலைப்பட வேண்டியது பருப்புக் கணக்கைப் பார்த்துத்தான். அதே வீட்டில் ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 8 கிராம்தான் வரும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சைவம் சாப்பிடுபவருக்குச் சொல்லும் அளவு தினமும் சுமார் 85 கிராம் பருப்பு, பயறு வகைகள். 10-ல் ஒரு பங்குகூட ரேஷனில் முடிவதில்லை. மீதியை மூக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, கொள்ளு, மொச்சை என்று நாமே சேர்த்தால்தான் உண்டு.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் 5 உணவுகள்

1. பயறும் சுண்டலும்

26 பரிசோதனைகளைத் தொகுத்த ஒரு ஆய்வு, தினமும் 130 கிராம் வேகவைத்த பயறு சாப்பிட்டால் எல்டிஎல் சுமார் 5 சதவீதம் குறைகிறது என்றது. 130 கிராம் என்பது ஏறக்குறைய முக்கால் கப் சுண்டல். புரட்டாசியில்தான் பெரும்பாலும் நவராத்திரியும் வரும். அந்த 9 நாள் சுண்டலை வருஷம் முழுக்க நீட்டித்தால் அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. தேங்காய்த் துருவலை மட்டும் கையளவு போடாமல் மேலே தூவியது போல் போட்டால் போதும்.

2. கரையும் நார்ச்சத்து

வெண்டைக்காய் நறுக்கும்போது வழவழப்பு வருகிறதே, அதுதான் கரையும் நார்ச்சத்து. ஓட்ஸ், பார்லி, கத்தரிக்காய், கொய்யா, ஆப்பிள், ஆரஞ்சு, இசப்கோல் எல்லாவற்றிலும் இது உண்டு. கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலம் தயாரித்து குடலுக்கு அனுப்பும். வழக்கமாக அது குடலிலிருந்து திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். இந்த வழவழப்பான நார்ச்சத்து அதைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்க கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. இப்படித்தான் எல்டிஎல் இறங்குகிறது. வெண்டைக்காயை எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குறைந்த எண்ணெயில் வதக்கினாலே போதும்.

3. வேர்க்கடலையும் பருப்புக் கொட்டைகளும்

25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தினமும் சராசரியாக 67 கிராம் கொட்டை வகைகள் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் 7 சதவீதம் குறைந்தது. அவ்வளவு வேண்டாம், ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் போதும். பாதாம், பிஸ்தா என்று செலவு செய்யணும் என்ற கட்டாயம் இல்லை. அவித்த அல்லது வறுத்த வேர்க்கடலையே நல்ல பலன் தரும். உப்புக்கடலை, காரக்கடலை, கடலை மிட்டாய் இந்தக் கணக்கில் வராது.

4. சோயா

சோயா புரதம் எல்டிஎல்-ஐ 3 முதல் 4 சதவீதம் குறைக்கும். தனியாகப் பார்த்தால் குறைவுதான். ஆனால் கறிக்குப் பதில் குழம்பில் மீல்மேக்கர் போடுவது பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பழக்கம் என்பதால் சுலபமாகத் தொடரலாம்.

5. சிறுதானியம்

கேழ்வரகு, கம்பு, சாமை, தினை, வரகு ஆகியவற்றை மூன்று வேளையும் சேர்க்க வேண்டியதில்லை. தினம் ஒரு வேளை வெள்ளை அரிசிக்குப் பதிலாக வந்தால் நார்ச்சத்து கூடும், சோற்றின் அளவு தானாகக் குறையும். டிரைகிளிசரைடு அதிகமுள்ளவர்களுக்கு இது முக்கியம். ஆனால் கேழ்வரகு மாவில் வெல்லத்தைக் கொட்டி லட்டு பிடித்தால் அது இனிப்புதான், மருந்து இல்லை.

ஒரு நாள் மெனு எப்படி இருக்கலாம்?

காலை: இரண்டு மூன்று இட்லி, கெட்டியாகப் பருப்பு போட்ட காய்கறி சாம்பார். அல்லது பச்சைப்பயறு தோசை, அடை. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வேர்க்கடலை, தக்காளி, கொத்தமல்லிச் சட்னி.

11 மணிக்கு: ஒரு கொய்யா, ஒரு டம்ளர் மோர்.

மதியம்: ஒரு கப் சோறு, ஒரு கப் கீரைக் கூட்டு அல்லது பருப்பு, வெண்டைக்காய் அல்லது கத்தரிக்காய்ப் பொரியல், மோர். சோற்றை விட மற்றவை அதிகமாக இருக்கணும்.

மாலை: முக்கால் கப் சுண்டல். சர்க்கரை குறைத்த டீ.

இரவு: கேழ்வரகு தோசை அல்லது சாமை உப்புமா, அல்லது இரண்டு சப்பாத்தியுடன் மூக்கடலைக் குழம்பு. படுக்கப் போகும் முன் அல்ல, இரண்டு மணி நேரம் முன்பே.

எண்ணெய்க்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சமையல் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து சுமார் 27 கிராம். நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் காலியாகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

நெய் சுத்தமா நிறுத்தணுமா?
தேவையில்லை. பருப்பு சாதத்துக்கு ஒரு டீஸ்பூன் நெய்யால் பெரிய கெடுதல் இல்லை. பொங்கலில் கரண்டி கரண்டியாக ஊற்றுவதுதான் பிரச்னை.

தேங்காய் எண்ணெய் நல்லதுன்னு சொல்றாங்களே?
16 பரிசோதனைகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஆய்வில், சூரியகாந்தி, ஆலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது தேங்காய் எண்ணெய் எல்டிஎல்-ஐ சுமார் 10 புள்ளிகள் ஏற்றியது. நல்ல கொலஸ்ட்ராலும் கொஞ்சம் ஏறியது, ஆனால் அது இதைச் சரிக்கட்டிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எல்டிஎல் அதிகம் உள்ளவர்கள் தினசரிச் சமையலுக்குத் தவிர்ப்பது நல்லது. அவ்வப்போது சட்னிக்குத் தேங்காய் சேர்ப்பது வேறு, எல்லாச் சமையலையும் அதன் எண்ணெயில் செய்வது வேறு.

தயிர், மோர் சாப்பிடலாமா?
தாராளமாக. அதே அளவு பால் கொழுப்பை வெண்ணெயாகச் சாப்பிடுவதை விட பாலாகவோ தயிராகவோ சாப்பிடும்போது எல்டிஎல் ஏற்றம் குறைவு. கொழுப்பு குறைந்த பாலில் தயிர் போட்டால் இன்னும் நல்லது.

டீக்கடை வடை?
ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது கெட்ட ரசாயனங்கள் உருவாகின்றன. அவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கருத்து, நுரைத்து, பிசுபிசுப்பாக இருக்கும் சட்டியைப் பார்த்தால் நகர்ந்துவிடுவது நல்லது.

பிஸ்கட், பஃப்ஸ் சைவம்தானே?
சைவம்தான், ஆனால் மைதாவும் வனஸ்பதியும் சேர்ந்தது. உணவுப் பொருட்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்புக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை.

முட்டை, மீன் விடணுமா?
கொலஸ்ட்ராலுக்காக மட்டும் என்றால் மீனை விட வேண்டிய அவசியம் இல்லை. குழம்பாக வைத்த மீன் இதயத்துக்கு நல்லது. முட்டை மஞ்சள் கருவில் கொலஸ்ட்ரால் இருந்தாலும், பெரும்பாலானவர்களுக்கு நிறைவுற்ற கொழுப்பு அளவுக்கு அது எல்டிஎல்-ஐ ஏற்றுவதில்லை. சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் எத்தனை முட்டை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். "சைவத்துக்கு மாறிட்டேன், இனி மாத்திரை எதுக்கு" என்று ஸ்டாட்டின் மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. கனடா ஆய்வில் உணவோடு போட்டி போட்டது குறைந்த வீரியமுள்ள பழைய மாத்திரை. இப்போது அதிக ஆபத்துள்ளவர்களுக்குக் கொடுக்கப்படும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் உயர் டோஸில் எல்டிஎல்-ஐ 50 சதவீதமும் அதற்கு மேலும் குறைக்கும். உணவால் அந்த அளவைத் தொட முடியாது. ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், பக்கவாதம் வந்தவர்களுக்கு மாத்திரையும் வேணும், இந்த உணவும் வேணும்.

ஒல்லியாக இருந்து, சைவமே சாப்பிட்டும் எல்டிஎல் 190-க்கு மேல் இருக்கிறது என்றால், பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாக இருக்க வாய்ப்பு உண்டு. உலக அளவில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா யாருக்காவது 50 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும். வீட்டில் மற்றவர்களும், பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொள்ளணும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும் என்பதால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

யாரெல்லாம் கவனமா இருக்கணும்?

சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் பருப்பு, கீரை, கொட்டைகளைத் தங்கள் இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. புரதமும் பொட்டாசியமும் அவர்களுக்கு அளவோடுதான்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போகலாம். மருந்தளவை டாக்டரிடம் பேசிவிட்டு மாற்றுங்கள்.

பால், தயிர் கூட இல்லாமல் முழுத் தாவர உணவுக்கு மாறுபவர்களுக்கு வைட்டமின் பி12 கிடைக்காது. மாத்திரையாக எடுத்தே ஆகணும்.

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், வாயு தொல்லை வரும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இசப்கோலை மற்ற மாத்திரைகளோடு சேர்த்து எடுக்காமல் சற்று இடைவெளி விடுங்கள்.

எப்போது டெஸ்ட் எடுக்கணும்?

உணவை மாற்றிய 4 வாரத்திலேயே எல்டிஎல் இறங்கத் தொடங்கிவிடும். 6 முதல் 12 வாரத்துக்குள் முழு பலன் தெரியும். அதனால் புரட்டாசி தொடங்கும் முன் ஒரு டெஸ்ட், முடியும்போது ஒரு டெஸ்ட் எடுத்தால் உங்கள் உடலுக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். முடிந்தவரை ஒரே லேபில், ஒரே மாதிரி எடுங்கள். முதல் கட்டப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை. டிரைகிளிசரைடு அதிகமாக வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு கறிக்கடையில் கூட்டம் அலைமோதும். பழைய சாப்பாட்டுக்கு முழுசா திரும்பினால் எல்டிஎல்-லும் சில வாரத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வாரத்தில் ஒருநாள் கறி சாப்பிடுவதால் எல்லாம் வீணாகிவிடாது. மற்ற 6 நாளும் தட்டில் சுண்டலும் கீரையும் வெண்டைக்காயும் இருக்கிறதா, எண்ணெய் டின் மாதக் கடைசி வரை வருகிறதா என்பதைப் பார்த்துக்கொண்டால் அடுத்த ரிப்போர்ட்டில் வித்தியாசம் தெரியும்.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற உணவு, மருந்து குறித்து மருத்துவரிடம் ஆலோசனை பெறவும்.)